காத்திருக்கும் நேரம்

இடிந்த நிலவறையிலிருந்து மூன்றாம் நாள் தோண்டி எடுத்தது, அலுவலகக் கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சை மட்டுந்தான். அதைப் பழுதுபார்க்க இறங்கிய அண்ணன் கிடைக்கவில்லை. நசுங்கிய அந்தப் பெட்டி, ஒரு கேபிளும் இல்லாமல், அதே அலுவலகத்தில் வேலைபார்க்கும் தங்கையின் மேசைமேல் கிடந்தது. ஆனாலும் அவளுடைய திரையில் அதன் இணைப்பு பச்சையாகவே இருந்தது. "இருக்கிறாயா?" என்று கணினி கேட்கும், நான்கு நொடியில் பதில் வரும்.

"சார், பதில் வருது. இன்னும் தோண்டச் சொல்லுங்க."

"பெட்டி கண்ணு முன்னாடி கிடக்குது. பதில் எங்கேர்ந்தும்மா வரும்?" என்றார் மேலாளர். "வெளியில கான்கிரீட் லாரி நிக்குது. இது பச்சையா இருக்கிறவரைக்கும் மீட்புக்காரங்க குழியை மூட விடமாட்டேங்கிறாங்க. பதிலுக்கு எத்தனை நொடி காத்திருக்குது இது?"

"அஞ்சு, சார்."

"ரொம்பத் தாராளம். மூணாக்கு."

அவள் அசையவில்லை. அவரே குனிந்து மாற்றினார். மூன்று கேள்விகளுக்கு மூன்று நொடிக்குள் பதில் வரவில்லை, இணைப்பு சிவப்பானது. வெளியே லாரி உறுமியது.

அடுத்த கேள்விக்கும் நான்காவது நொடியில் பதில் வந்தது. தாமதம் என்று கணினி அதைத் தள்ளிவிட்டது. அடுத்த பதில் மூன்றரை நொடியில் வந்தது. அதற்கடுத்தது மூன்றேகாலில்.

மேலாளர் மூன்றை அழித்துவிட்டு ஒன்று என்று போட்டார்.