துணைக்குப் போனவள்

வந்ததிலிருந்து ஹக்கீம் புரதத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். பெண் பார்க்க வந்த இடத்தில் பேசுகிற பேச்சா இது!

ஆனால் நூர் ஃபாத்திஹா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க அக்கா ஹபீபா பீவிக்கு வயிறு எரிந்தது.

தங்கைக்குத் துணையாக அவளை அனுப்பியதே உம்மாதான். சூலியா ஸ்ட்ரீட் நாசி கண்டார் சோற்றுக் கடையில் இருவரும் பேசட்டும், ஹபீபா கூடவே இருந்து நல்லது கெட்டது பார்க்கட்டும் என்று ஏற்பாடு. அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் வீட்டில் முடிவு.

ஹபீபாவுக்கு முப்பத்தாறு வயதாகிறது. அவளைப் பெண் பார்க்க இப்போதெல்லாம் எவனும் வருவதில்லை.

ஹக்கீம் ஆய்வகத்தில் ஆராய்வது ஷாப்பரோன் என்கிற புரதமாம். புதிதாக உருவாகும் புரதம் சரியாக மடிந்து முடிக்கும்வரை, கண்டதோடும் ஒட்டிக் கெட்டுப்போகாமல் கூடவே நின்று காக்குமாம். பெயர் பிரெஞ்சிலிருந்து வந்தது. முதலில் அது முக்காடு மாதிரி ஒரு தலைத்துணி. பிறகு, கல்யாணமாகாத பெண்களோடு வெளியே காவலுக்குப் போகும் மூத்தவளுக்கு அந்தப் பெயர் வந்து சேர்ந்ததாம்.

ஃபாத்திஹா சிரித்தாள். அவனும் சிரித்தான். இருவரும் ஹபீபாவைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

வேலை முடிந்த பிறகு அந்தக் காவல்காரி என்ன ஆவாள் என்று ஹபீபா வெடுக்கென்று கேட்டாள்.

"அது விலகிடும் ராத்தா. கடைசி உருவத்துல அதுக்கு இடம் கிடையாது," என்றான் மரியாதையாக.

ராத்தாவாம், அக்காவாம். அவளைவிட ஒரு வயது மூத்தவன்.

அவன் கை கழுவப் போன நேரம் உம்மாவின் போன் வந்தது. மாப்பிள்ளை எப்படி என்று கேட்கத்தான். ஹபீபா பதிலைத் தயாராகவே வைத்திருந்தாள். சரிப்பட்டு வராது.

எடுப்பதற்குள் ஃபாத்திஹா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"வேணாம்னே சொல்லு ராத்தா, முன்னாடி வந்த ரெண்டு பேருக்கும் சொன்ன மாதிரி. என்ன காரணம்னு மட்டும் இந்தத் தடவ என் முன்னாடி சொல்லிடு லா."

ஹபீபா போனைக் காதில் வைத்தாள். உம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அவள் காரணத்தைத் தேடிப் பார்த்தாள். அந்த இரண்டு பேரிடமும்கூட ஒரு குறையும் இருந்ததில்லை.