பன்னிரண்டு மணி நேரத் தப்பு

"கரண்ட் போனா அவ தவிச்சுப் போயிடுவா. அதான் உங்களையே வரச் சொன்னேன்" என்றது சுவர்.

சுவர் என்றால், சுவரில் மாட்டியிருந்த கேமரா. அதற்குள்ளிருந்து பேசியவர் வீட்டுக்காரர். ஆபீசில் உட்கார்ந்தபடியே போனை அழுத்தி, வாசல் கதவைத் திறந்து மெக்கானிக்கை உள்ளே விட்டவரும் அவர்தான். பெண்டாட்டி மேல் இவ்வளவு கரிசனமா என்று மெக்கானிக்குக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

தொழில் வட்டாரத்தில் மெக்கானிக்குக்கு 'விடாக்கண்டன்' என்று பெயர். இருபத்திரண்டு வருஷத்தில் எந்த வீட்டிலிருந்தும் பழுதைக் கண்டுபிடிக்காமல் அவர் திரும்பியதில்லை. 'என்னால முடியல' என்று அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

"தினம் பதினொண்ணுலேருந்து பன்னண்டு வரைக்கும் கரண்ட் கட். சரியா அந்த நேரம் பாத்து இன்வர்ட்டர் கையை விரிச்சிடுது" என்றார் வீட்டுக்காரர். "விடியக்காலை ரெண்டுலேருந்து அஞ்சு வரைக்கும் பேட்டரி சார்ஜ் ஏறணும். சாயங்காலம் ஆறுலேருந்து பத்து வரைக்கும் வீடு பேட்டரியில ஓடணும். இந்த நேரத்தையெல்லாம் போன் ஆப்புல நூறு தடவை பாத்துட்டேன், எல்லாம் சரியாதான் இருக்கு."

அந்தக் கரிசனத்துக்கு உரிய மனைவி, கதவை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலில் ஷூ, மடியில் கைப்பை.

"எங்கயாவது கிளம்பணும்னா கிளம்புங்கம்மா. நான் பாத்துக்கறேன்."

அவள் கேமராவை ஒரு தடவை பார்த்தாள். "இல்லண்ணா. எங்கயும் போகல."

டெஸ்டரை வண்டியிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்து, மெக்கானிக் கதவை இழுத்தார். காந்தப் பூட்டு. கரண்ட் இருக்கும்வரை யானையைக் கட்டி இழுத்தாலும் அசையாத ரகம்.

"என்ன வேணும்?" என்றது சுவர்.

சொன்னார். கதவு திறந்தது. எடுத்துக்கொண்டு வந்ததும் முதுகுக்குப் பின்னால் 'டக்' என்று பூட்டிக்கொண்டது. எங்கே போகிறீர்கள் என்று தன் வீட்டில் பெண்டாட்டி கேட்பாள், இங்கே சுவர் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டார். சிரிப்பு வரவில்லை.

இன்வர்ட்டர் மாடிப்படிக்கு அடியில் ஓர் அலமாரிக்குள் இருந்தது. பேட்டரியில் ஆறு சதவீதம்தான் மிச்சம், வீட்டை ஓட்ட அது போதாது. வயர், ஃபியூஸ் எல்லாம் நன்றாக இருந்தன. கடைசியாகப் பெட்டியின் கடிகாரத்தைப் பார்த்தார்.

வெளியே காலை பத்து நாற்பது. பெட்டிக்குள் இரவு பத்து நாற்பது.

விஷயம் இவ்வளவுதான். விடியற்காலையில் ஏற வேண்டிய சார்ஜ் மதியம் ஏறியது. சாயங்காலம் செலவாக வேண்டியது காலை ஆறு மணிக்கே செலவாக ஆரம்பித்து, பத்து மணிக்கெல்லாம் கிட்டத்தட்ட தீர்ந்துபோனது. பெட்டியை மாட்டியவன் பகலையும் இரவையும் குழப்பியிருக்கிறான் என்று மனதுக்குள் திட்டினார். பெட்டி முழுக்கத் தூசி படிந்திருந்தது. கடிகாரத்தை மாற்றும் பட்டன் மட்டும் பளிச்சென்று இருந்தது. அதே பட்டனை ஒரு அழுத்துக்கு ஒரு மணி நேரமாக அழுத்தி நேரத்தைத் திருத்தினார்.

"கண்டுபுடிச்சாச்சு சார். எல்லாத்தையும் ஒரு தடவை சரி பாத்துட்டு விவரமா சொல்றேன்."

"நீங்கதாங்க ஆளு" என்றது சுவர்.

கூடத்துக்கு வந்தவரிடம் அவள் மெல்லக் கேட்டாள். "சரியாயிடுச்சா அண்ணா?"

"சுத்தமா சரியாயிடுச்சு. நாளையிலேருந்து கரண்ட் போறதே உங்களுக்குத் தெரியாதும்மா."

ஒரு சிரிப்பையாவது எதிர்பார்த்தார். அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

மணி பதினொன்று ஆனது. விளக்கு அணைந்தது. மின்விசிறி சோம்பலாகச் சுற்றி நின்றது. கேமராவின் சிவப்புப் புள்ளி மறைந்தது. வாசலில் 'டக்' என்று சத்தம் கேட்டு, கதவு தானாக ஒரு விரல் அகலம் திறந்தது.

அதற்குள் அவள் எழுந்து நின்றிருந்தாள். இத்தனை நேரம் இல்லாத ஒரு குரல் வந்திருந்தது அவளுக்கு.

"ரெண்டு தெரு தள்ளி ஒரு ஆஸ்பத்திரி அண்ணா. நோயாளிகளைப் பாத்துக்கற பயிற்சி, தினம் முக்கால் மணி நேரம். முடிச்சா அங்கேயே வேலை, தங்க ரூமும் தர்றாங்க. இன்னும் பதினெட்டு நாள்தான் பாக்கி."

"அப்போ அந்தக் கடிகாரம்..."

"நான்தான் மாத்தினேன். அவருக்குத் தெரியாம இந்தக் கதவு திறக்கறது இந்த ஒரு மணி நேரம்தான். கரண்ட் வர்றதுக்குள்ள வந்து உக்காந்துடுவேன்." கதவைத் தள்ளிக்கொண்டே சொன்னாள். "உங்களைக் குத்தம் சொல்லல. உங்க வேலையை நீங்க பாத்தீங்க. இன்னைக்கு மட்டுமாவது போயிட்டு வந்துடறேன்."

தெருமுனை வரை அவள் ஓட்டமும் நடையுமாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேலையைச் சுத்தமாக முடித்ததற்காக வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு வெட்கமாக இருந்தது. பேட்டரியில் மிச்சம் இருந்த கொஞ்சம் உயிரில் பெட்டியின் திரை மட்டும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. மாடிப்படிக்கு அடியில் போய், அந்தப் பளிச்சென்ற பட்டனைப் பன்னிரண்டு தடவை அழுத்தினார்.

சட்டைப் பையில் போன் அடித்தது.

"என்னங்க இது, மறுபடியும் கேமரா போயிடுச்சு. கண்டுபுடிச்சாச்சுன்னு சொன்னீங்க?"

விடாக்கண்டன் அலமாரிக் கதவைச் சாத்தினார்.

"என்னால முடியல சார். உள்ள போர்டு போயிருக்கு, வேற யாரும் கை வெச்சா மொத்தமும் போயிடும். புதுசு வர பதினெட்டு நாள் ஆகும்."