புல்லாங்குழல் வைத்த முதலாளி

செங்கல் சூளைக் கழுதைகள் வேலையை நிறுத்தியிருந்தன. மத்தியானம் ஒரு மணி நேரம் நிழலில் நிற்க விட வேண்டும், அவ்வளவுதான் கேட்டன. தலைவன் வீரணன் என்ற கிழக்கழுதை. டிவிக்காரக் கொக்கு கேமராவோடு வந்தபோது நியாயத்தை நிதானமாகத்தான் எடுத்துச் சொன்னான்.

சாயங்காலம் கொட்டகை டிவியில் எல்லோரும் செய்தி பார்த்தார்கள். கேமராவைத் தரையில் வைத்துப் பிடித்ததால் வீரணனின் குளம்பு பனைமர உயரம் இருந்தது. அவன் பேச்சே கேட்கவில்லை, பின்னணி இசையாக உடுக்கைதான் அடித்தது. கீழே சிவப்பு எழுத்தில் 'கழுதைகள் வெறியாட்டம்' என்று ஓடியது.

"யாரண்ணே அந்த ரௌடி?" என்றாள் செவந்திக் கழுதை.

"நான்தாம்மா" என்றான் வீரணன்.

அடுத்து முதலாளி கரடி வந்தார். கண்கள் மூடியிருந்தன, தலை சாய்ந்திருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை, பேசியதெல்லாம் புல்லாங்குழல்தான். 'துயரத்தில் முதலாளி' என்றது எழுத்து.

செவந்தி மூக்கை உறிஞ்சினாள். "பாவம்ண்ணே. நாலு கல்லாவது சுமந்துட்டு வந்துடறேன்" என்று எழுந்தாள். அவளோடு பாதிக் கூட்டமும் எழுந்தது. இன்றைக்கு இவர்கள் போனால் போராட்டம் அதோடு முடிந்தது.

வீரணன் பிரசங்கம் செய்யவில்லை. டிவியின் சத்தத்தை மூக்கால் அமுக்கி நிறுத்தினான். எழுத்து ஓடிய இடத்தை மறைத்து ஒரு சாக்கை மடித்துச் சாத்தினான்.

"இப்பப் பாரு."

திரையில் இன்னும் அதே படம்தான். வேப்பமர நிழலில், சாய்வு நாற்காலியில், கரடி வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"அடப்பாவி, இந்தக் குறட்டைக்கா நான் அழுதேன்!" என்று செவந்தி தொப்பென்று உட்கார்ந்தாள்.