கப்பல் வருதா, மூக்கா?

“கப்பல் வருதா, மூக்கா?”

“வருதுங்க கப்டன் ஐயா! கொழுந்து லொறிக்குப் பாய் கட்டுன மாதிரி ஆடி ஆடி வருதுங்க!”

கப்பல் வேலையை விட்டு, பார்வையும் போன முனாப் கப்டன் குலுங்கிச் சிரிப்பார். தினமும் தோட்ட வேலை முடிந்து வந்து அவர் வாசலில் நின்று கடலை வர்ணிப்பதில், பெரிய தர்மம் செய்வதாக மூக்கனுக்கு நினைப்பு.

கப்டன் மௌத்தாகி, அடக்கம் முடிந்ததும் மூக்கன் அவர் மகள் ரம்லாவிடம் விம்மினான்.

“ஐயாவ ஏமாத்திட்டேன் தங்கச்சி. இங்கேருந்து தெரியிறது தேயிலை மலைதான். கடல நான் கண்டதேயில்ல.”

“இந்தப் பூண்டுலோயா மலையில கடல் ஏதுன்னு வாப்பாவுக்குத் தெரியாதாண்ணே? ‘பொஞ்சாதி போனதிலேருந்து மூக்கனுக்குப் பேச ஆளில்ல, பாவம். அவன் வர்ற நேரம் என்னை வாசல்ல உட்கார வை’ன்னுதான் சொல்வாரு.”

மூக்கன் காலி நாற்காலியைப் பார்த்தான். மலையை மூடிக்கொண்டு பனி ஏறியது.

“கப்பல் வருதுங்க...” என்றான், யாரிடம் சொல்வதென்று தெரியாமல்.