ஞாயித்துக்கிழமை ஆனா போற இன்டர்நெட்

"ஏண்டி ஜ்யோத்ஸ்னா, கல்யாணமாகி ஆறு வருஷமாச்சு. எப்போ நல்ல சமா..."

போச்சு. நியூ ஜெர்சி பொண்ணோட முகம் கம்ப்யூட்டர்ல வாயைத் திறந்தபடியே உறைஞ்சு போச்சு.

"முக்கியமான விஷயம் பேசறச்சேதான் புட்டுக்கும்! வாராவாரம் இதே கூத்து!"

தட்சிணாமூர்த்தி போட்ட சத்தத்துல டெல்லி மயூர் விஹார் ஃப்ளாட் மொத்தமும் முழிச்சுண்டுது. செல்லுல டெலிபோன் கம்பெனியைக் கூப்பிட்டார். ரொம்ப நேரம் பாட்டு பாடிட்டு ஒரு பொண்ணு வந்தது.

"சார்ஜி, ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"பண்ணியாச்சு!"

"அச்சா. இன்னொரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"நான் மினிஸ்ட்ரில டெபுடி செக்ரட்ரியா இருந்தவன்! என்ன ஆக்‌ஷன் எடுத்தேள்னு எனக்கு ரைட்டிங்ல வேணும்!"

"ஷுவர் சார்ஜி. இப்போ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

உள்ளேருந்து விஜயலக்ஷ்மி வந்தா. "நான் வேணா பாக்கட்டுமான்னா?"

"ஆமா, இவ பெரிய இஞ்சினியர்! பெட்ரூம்ல போய் துணியை மடி, போ."

போனா.

தட்சிணாமூர்த்தி ரௌட்டரை முறைச்சார். ஆபீஸ்ல எத்தனையோ க்ளார்க்கை அழவெச்ச முறைப்பு. ரௌட்டரும் பயந்துடுத்து போல, பச்சை விளக்கு எரிஞ்சது.

"பாத்தியாடி, நம்ம கிட்டயா! ஆங் ஜ்யோத்ஸ்னா, எங்க விட்டேன்? நல்ல சமாசா..."

போச்சு.

"விடமாட்டேன்! சொசைட்டில எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி இவனுங்க லைசென்ஸையே கேன்சல் பண்றேன்!" செருப்பை மாட்டிண்டு கிளம்பிட்டார்.

லிஃப்ட் கதவு மூடற சத்தம் கேட்டது. பச்சை விளக்கு தானா வந்துது. விஜயலக்ஷ்மி வந்து உக்காந்தா. திரையில ஜ்யோத்ஸ்னா. கண்ணெல்லாம் செவந்திருந்தது.

"மம்மி, அப்பா இருக்காரா?"

"ஜல்தியா வரமாட்டார், சொல்லு. டாக்டர் என்ன சொன்னா?"

"இந்தத் தடவையும் இல்லை மம்மி. இதோட நாலாவது ட்ரீட்மென்ட்." கண்ணைத் துடைச்சுண்டா. "அப்பா நல்ல சமாசாரம் எப்போன்னு கேட்டா எனக்கு... நான் இனிமே சண்டே வரலை, பஸ், அவ்ளோதான்."

"அசடே, வராம இருக்காதே. உன்னைப் பாக்கலைன்னா அவருக்கு சாதம் இறங்காது. நீ பாட்டுக்கு வா. பெட்ரூம் போன் ரிசீவரைத் தூக்கினா நெட் போயிடும்னு நான் கண்டுபிடிச்சதுலேருந்து, உங்கப்பா அந்தக் கேள்வியை ஒரு தடவையாவது முழுசாக் கேட்டிருக்காரா, சொல்லு?"