முன்தேதியிட்ட நன்றி

இளங்கலைக் கடைசி வருடம். ஆய்வு முடிந்ததும் அந்த அனுபவத்தை ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். எழுதலாம் என்று உட்கார்ந்தால், கல்லூரி மென்பொருள் என் பெயரில் எப்போதோ எழுதி முடித்திருந்தது: ‘எட்டு மாதம் உழைத்தும் என் நொச்சிக் கொசுவிரட்டி பலிக்கவில்லை. தோல்வி எனக்குப் பொறுமையைக் கற்றுத் தந்தது.’ எழுதிய தேதி, நான் ஆய்வைத் தொடங்கிய நாள்.

வழிகாட்டி இருதயராஜ் சாரிடம் போனேன். “பலிக்காதுன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா சார்?”

“மென்பொருள்ல அன்னைக்கே கணிப்பு வந்துச்சும்மா. துறைக்கு ஒரு தோல்விக் கட்டுரையும் வேணுமே.”

“வாராவாரம் ‘விடாதம்மா, வந்துரும்’னு சொன்னீங்களே.”

கொசுக்கூண்டுக்குள் நீட்டி நீட்டித் தடித்துப்போன கையைச் சொறிந்துகொண்டே கடைசி வரியைப் படித்தேன். ‘என்னை நம்பிய வழிகாட்டிக்கு நன்றி.’ கீழே என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.