சுவருக்கு மரியாதை

“புடி தம்பி. இது வெறும் கோப்பை இல்ல, என் மனசு.”

ஆபீஸ் விருந்தில் குவாக் அண்ணன் தன் கோப்பையை ஒரே மடக்கில் காலி செய்து, விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு துடை துடைத்து யோன்சுவிடம் நீட்டினார். அதில் சோஜு சாராயத்தை ஊற்றும்போதே இரண்டு முறை இருமினார்.

யோன்சு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். எதிரே மேனேஜர் மா தால்சு, மேஜை நடுவிலிருந்த அடுப்பில் பன்றிக்கறி கருகுவதைக்கூடக் கவனிக்காமல் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மனுஷன் வந்து உட்கார்ந்ததிலிருந்து இதே வேலையாகத்தான் இருந்தார்.

“இருமல் இன்னும் விடலயா அண்ணே?” என்று கேட்டான் யோன்சு.

“கொரோனாப்பா. நாலு நாளைக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணா ரெண்டு கோடு. இப்பல்லாம் அது சும்மா சளிதான். அதுக்குப் போய் லீவு கேட்டா ஆபீசே சிரிக்கும்.”

மேஜையில் எல்லோரும் இப்போதே சிரித்தார்கள். யோன்சுவும் சிரித்து வைத்தான்.

அவன் வயிற்றுக்குள் இருப்பது மனைவியின் சிறுநீரகம். உடம்பு அதை அசலூர்க்காரன் என்று விரட்டிவிடாமல் இருக்க, காலை எட்டுக்கும் ராத்திரி எட்டுக்கும் மாத்திரை. அந்த மாத்திரை உடம்பின் காவல்காரனையே தூங்க வைத்துவிடும். ஊருக்கெல்லாம் மூன்று நாளில் வந்து போன கொரோனா, போன வருடம் அவனை ஐம்பத்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் போட்டது. கிருமியோடு மல்லுக்கட்ட மாத்திரையைக் குறைத்தார்கள். குறைத்ததும் சிறுநீரகம் முரண்டு பிடித்தது.

“இன்னொரு தடவை வந்தா, அதைக் காப்பாத்திடலாம்னு என்னால சொல்ல முடியாது” என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

ஆபீசில் இதை அவன் மூச்சுவிடவில்லை. அட்டைப்பெட்டிக் கம்பெனியில் ஆறு மாதத் தற்காலிக வேலை. திங்கட்கிழமை மேனேஜர் எழுதப்போகும் ஒரு வரியில்தான் அது நிரந்தரமாகும். சீக்காளி என்று தெரிந்தால் எந்த மேனேஜர் எழுதுவார்?

கோப்பையை வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. கொடுத்தவர் மூஞ்சியில் அடித்த மாதிரி ஆகிவிடும். நல்லவேளை, அந்த ஊர் வழக்கப்படி மூத்தவர்கள் முன்னால் முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டுதான் குடிக்க வேண்டும். அந்த மரியாதையைக் கண்டுபிடித்த புண்ணியவானுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டான் யோன்சு. முகத்தைத் திருப்பி, உதட்டில் படாமல் கோப்பையைச் சாய்த்து, கை துடைக்கக் கடையில் கொடுத்து, மடியில் விரித்திருந்த ஈரத்துண்டில் ஊற்றினான். தொண்டையை மட்டும் ஏற்றி இறக்கினான்.

நிமிர்ந்தால், மேனேஜரின் கண் அவன் மடியில் இருந்தது.

குவாக் விடுவதாக இல்லை. கோப்பையை வாங்கி, தான் ஒன்று போட்டுவிட்டு, மறுபடி நிரப்பினார். “இந்தத் தடவை என்னைப் பார்த்துக் குடி தம்பி. நமக்குள்ள என்ன மரியாதை வேண்டிக்கிடக்கு?”

யோன்சு கோப்பையைக் கையில் வாங்கினான். அதற்குள் குறுக்கே ஒரு கை வந்தது.

“குடு இங்க” என்றார் மேனேஜர். குரலில் சூடு இருந்தது. “வந்ததுலேர்ந்து ஒரு துண்டு கறி திங்கல, இவனுக்குக் குடி ஒண்ணுதான் கேடு.”

கோப்பையைப் பறித்து, சுவர்ப் பக்கம் திரும்பி ஒரே சாய்ப்பில் முடித்தார்.

“சார், இங்க நீங்கதான் மூத்தவரு” என்றார் குவாக். “யாருக்கு மரியாதை குடுக்கறீங்க, அந்தச் சுவத்துக்கா?”

மேஜையே குலுங்கியது. மேனேஜர் சிரிக்கவில்லை. கோப்பையைத் தன் பக்கமே கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

யோன்சுவின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மணி எட்டு. கறியின் புகையும் கூச்சலும் அடங்குவதாக இல்லை. மேனேஜரின் இடமும் காலியாக இருந்தது. இதுதான் சமயம் என்று நைசாக எழுந்து, பின்பக்கம் கைகழுவும் இடத்துக்குப் போனான். பொட்டலத்தைக் கிழித்து இரண்டு மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டினான்.

“கையில என்ன?”

பின்னால் மேனேஜர் நின்றிருந்தார். யோன்சு கையைப் பொத்திக்கொண்டான்.

“ஒண்ணுமில்ல சார். தலைவலி மாத்திரை.”

“தொற.”

திறந்தான். மேனேஜர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து உற்றுப் பார்த்தார்.

“துண்டுல ஊத்துனதையும் பாத்தேன்.”

ஆறு மாதம் நாயாய் உழைத்ததெல்லாம் போச்சு என்று யோன்சு நினைத்தான். மனைவியிடம் என்ன சொல்வது?

“மன்னிச்சிடுங்க சார். முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

“யாரு குடுத்தா?”

“டாக்டர்தான் சார்.”

“நான் மாத்திரையைக் கேக்கல.”

யோன்சு தலையைக் குனிந்துகொண்டான். “என் மனைவி, சார்.”

மேனேஜர் கோட்டுப் பையிலிருந்து தன் ஈரத்துண்டை எடுத்துத் தொட்டியில் பிழிந்தார். சோஜு வாடை குப்பென்று அடித்தது. கையைச் சோப்புப் போட்டு நிதானமாகக் கழுவினார். பிறகு இன்னொரு பையிலிருந்து, அதே மாதிரி ஒரு மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துக் கிழித்தார்.

“எனக்கு என் தங்கச்சி குடுத்தா.”